வரைவதற்கு முன் தொட்டுப் பார்த்தவர்: ஒரு பெரிய ஜப்பானிய டாட்டூவின் நிகழ்வு ஆய்வு

என் நண்பருக்கு வயது 34. வலது மேற்கையில், தோளுக்குச் சற்றுக் கீழே, உள்ளங்கை அளவில் ஒரு கொய் மீனைப் பச்சை குத்தியிருந்தார். ஆறு வருடம் பழையது. கருப்புக் கோடு, சிவப்புச் செதில்கள், பக்கத்தில் இரண்டு செர்ரிப் பூ. மீனைச் சுற்றித் தண்ணீர்கூட இல்லை. அதை அப்படியே வளர்த்து முழுக்கைக்கும் இறக்கி, மார்பின் ஒரு பாதிவரை கொண்டுபோக வேண்டும் என்பது அவர் ஆசை. என் முதுகில் ஜப்பானிய பாணி டாட்டூ இருக்கிறது, இந்தக் கலையைப் பல வருடமாகக் கவனித்தும் படித்தும் வருகிறேன். அதனால் என்னிடம் வந்தார். முதல் பேச்சிலிருந்து கடைசி ஊசிவரை 25 மாதம் ஆனது. தேடியது மூன்று மாதம், காத்திருந்தது ஏழு மாதம், குத்தியது பதினைந்து மாதம். அவர் சம்மதத்தோடு நடந்ததை எழுதுகிறேன்.

அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "எந்தப் படம் போட்டா நல்லா இருக்கும்?" முதல் மூன்று மாதம் அந்தக் கேள்வியின் பின்னாலேயே அலைந்தோம். ஒரு கலைஞர் அவர் கையை விரலால் தடவிப் பார்த்த பிறகுதான் அது தவறான கேள்வி என்று எங்களுக்குப் புரிந்தது.

அரைக்கை, முக்கால் கை, முழுக்கை

ஜப்பானிய பாணியில் பெரிய டாட்டூ என்பது தைத்த சட்டை மாதிரி. எங்கே ஆரம்பிக்கிறது, எங்கே முடிகிறது என்பதற்கெல்லாம் அளவும் பெயரும் உண்டு. முழங்கைக்கு மேலே நின்றால் கோபு, அதாவது பத்தில் ஐந்து பங்கு. முன்கையின் நடுவில் நின்றால் ஷிச்சிபு, பத்தில் ஏழு. மணிக்கட்டுவரை போனால் நாகசோதே, நீளக்கை. தையல்காரரிடம் நாம் அரைக்கை, முக்கால் கை, முழுக்கை என்று சொல்கிறோமே, அதேதான். மார்பின் மேல் இறங்கும் பகுதிக்கு ஹிகாயெ என்று பெயர். உடல் முழுக்கக் குத்தினாலும் மார்பின் நடுவே ஒரு பட்டை அளவு தோலை விட்டுவிடுவது முனேவாரி. முன்பக்கம் திறந்த மேலாடை அணிந்தாலும் டாட்டூ வெளியே தெரியாது.

இந்த உடல் முழுவதற்குமான பார்வை எடோ காலத்தில், அதாவது 17 முதல் 19ஆம் நூற்றாண்டுவரை, வளர்ந்தது. 1827 வாக்கில் உதாகாவா குனியோஷி என்ற ஓவியர், சுயிகொடென் என்ற சீனக் கதையின் 108 வீரர்களை மர அச்சு ஓவியங்களாக வெளியிடத் தொடங்கினார். அவர்களில் சிலரை உடம்பெல்லாம் டாட்டூவோடு வரைந்தார். எடோ நகரத்து (இன்றைய டோக்கியோ) தீயணைப்பு வீரர்களும் கைவினைஞர்களும் அந்த வீரர்களைப் போலவே தங்கள் முதுகிலும் கையிலும் குத்திக்கொண்டார்கள். இன்று நாம் பார்க்கும் அலை, காற்று, பாறை எல்லாம் அந்த மர அச்சு ஓவியங்களின் கோட்டிலிருந்து வந்தவைதான்.

இந்தப் பாணியில் நாயகனாக நிற்கும் உருவத்தைவிட அதைச் சுற்றி ஓடும் பின்னணிதான் பெரிய வேலை. ஜப்பானியர்கள் அதை கக்குபோரி என்பார்கள். கருப்பைப் படிப்படியாக மங்கவைத்து அலையையும் மேகத்தையும் காற்றுப் பட்டைகளையும் கொண்டுவருவார்கள். பின்னணி இல்லாமல் உருவத்தை மட்டும் குத்தினால் அது நுகிபோரி. அதுவும் ஒரு முறைதான், குறை ஒன்றுமில்லை. ஆனால் நுகிபோரியாகக் குத்திய ஒன்றைப் பிறகு பெரிய வேலைக்குள் இழுப்பது, தைத்து முடித்த பாக்கெட்டைச் சுற்றிச் சட்டை வெட்டுவது மாதிரி. நண்பரின் பழைய மீன் அப்படிப்பட்டதுதான்.

ஜப்பானுக்கே போகலாமா?

நண்பர் முதலில் கேட்டது இதைத்தான். ஆசை நியாயமானது. யோகோஹாமாவில் மூன்றாம் ஹொரியோஷி போன்றவர்கள் இந்தக் கலையை உலகம் முழுவதும் அறியச் செய்தவர்கள். குருவிடம் வருடக்கணக்கில் கற்று, 'ஹொரி' என்று தொடங்கும் பெயரைப் பெறும் மரபு அங்கே இன்னும் இருக்கிறது. 1872 முதல் 1948 வரை டாட்டூ குத்துவது அங்கே தடைசெய்யப்பட்டிருந்தது. மருத்துவ உரிமம் இல்லாமல் குத்தியதாக ஒரு கலைஞர்மீது போடப்பட்ட வழக்கில், குத்துவது மருத்துவச் செயல் அல்ல என்று ஜப்பானின் உச்ச நீதிமன்றம் சொன்னது 2020 செப்டம்பரில்தான். அதனால் பல ஸ்டூடியோக்கள் இன்றும் தெருவில் பலகை மாட்டாமல், நேரம் குறித்து வருபவர்களுக்கு மட்டும் கதவு திறப்பவை.

கணக்குப் போட்டுப் பார்த்தோம். கையும் மார்பும் சேர்ந்தால் ஏறக்குறைய 50 மணி நேர வேலை. ஒரு நாளைக்கு நான்கு மணி நேரம் என்றால் பன்னிரண்டு, பதின்மூன்று அமர்வு. ஒவ்வொன்றுக்கும் இடையே தோல் ஆறுவதற்குக் குறைந்தது மூன்று வாரம். விடுமுறைக்குப் போய் முடித்துவிட்டு வரக்கூடிய காரியம் இல்லை. ஒரே பயணத்தில் முடிக்க முயன்றால் ஆறாத தோலின்மேலேயே மறுபடி குத்த வேண்டியிருக்கும். ஆக, மாதம் ஒருமுறை போய் வரக்கூடிய தூரத்தில் ஆள் வேண்டும் என்று முடிவாயிற்று.

கையால் குத்தும் தெபோரிதான் வேண்டும் என்றும் கொஞ்ச நாள் சொல்லிக்கொண்டிருந்தார். நீண்ட பிடியின் முனையில் ஊசிகளை வரிசையாகக் கட்டி, ஒரு தாளத்தில் தோலுக்குள் செலுத்தும் முறை அது. ஷேடிங்கில் அதன் அழுத்தமான கருப்பு எனக்கும் மிகவும் பிடிக்கும். ஆனால் தெபோரி செய்பவர்களிலேயே பலர் இன்று கோடுகளை இயந்திரத்தால்தான் போடுகிறார்கள். கருவியை வைத்து ஆளைத் தேடாதீர்கள் என்று அவரிடம் சொன்னேன்.

முதல் கலைஞரும் அழகான படமும்

முதலில் தொடர்புகொண்டவர் எல்லாப் பாணியும் செய்பவர். நண்பர் தன் கையைப் படமெடுத்து அனுப்பினார், பிடித்த உருவங்களைப் பட்டியலிட்டார். இரண்டே நாளில் முழுக்கைக்கும் டிஜிட்டல் ஓவியம் வந்துவிட்டது. பழைய கொய் மீன், மேலே ஹன்யா என்ற பேய் முகமூடி, கீழே சாமுராய், முன்கையில் கெய்ஷா என்ற ஜப்பானிய ஆடல்பாடல் பெண், இடைவெளியெல்லாம் செர்ரிப் பூ. பார்க்க அழகாகத்தான் இருந்தது. நண்பர் முன்பணம் கட்டத் தயாராகிவிட்டார்.

அந்த ஓவியத்தை நான் தாளில் அச்செடுத்து அவர் கையில் சுற்றிப் பார்த்தேன். செவ்வகத்தில் வரைந்தது, கையோ உருளை. சாமுராயின் முகம் சரியாக முழங்கை மடிப்பில் விழுந்தது. கையை மடக்கினால் முகம் நசுங்கியது. கெய்ஷாவின் பாதி, கை தொங்கும்போது உடலோடு ஒட்டி மறையும் உள்பக்கத்துக்குப் போனது. நான்கு நாயகர்கள், எல்லாம் ஒரே அளவு. பத்தடி தள்ளி நின்று பார்த்தால் எது என்ன என்றே தெரியவில்லை.

ஆறிய வேலைகளின் படங்களை அனுப்பச் சொன்னோம். வந்தவை எல்லாமே குத்தி முடித்த அன்றைக்கே எடுத்தவை. தோல் சிவந்திருந்தது, களிம்பு பளபளத்தது. மறுபடி கேட்டதற்குப் பதில் வரவில்லை. முன்பணம் கட்டவில்லை.

இரண்டாவதாகப் பார்த்தவர் தத்ரூபமான முகங்கள் குத்துவதில் பெரிய கைகாரர். விஷயத்தைக் கேட்டதும், "இது என் வேலை இல்லை. இதையே செய்யுற ஒருத்தர்கிட்ட போங்க" என்று சொல்லி, மூன்றாமவரின் பெயரைக் கொடுத்தார். தன் எல்லை தெரிந்த அந்த மனிதருக்கு நாங்கள் நன்றிக்கடன் பட்டிருக்கிறோம்.

வேலையை எப்படிப் பார்ப்பது

மூன்றாமவரைச் சந்திப்பதற்கு முன், அவர் வேலைகளை நானும் நண்பரும் உட்கார்ந்து ஒரு முழு மாலை பார்த்தோம்.

முதலில் வருடக்கணக்கு. இரண்டு, மூன்று வருடம் ஆன வேலைகளின் படங்கள் இருக்கின்றனவா? மை தோலின் இரண்டாம் அடுக்கில் தங்குகிறது. அங்கிருக்கும் செல்கள் அதை விழுங்கிப் பிடித்து வைத்திருக்கின்றன. காலப்போக்கில் கோடு கொஞ்சம் அகலும், நெருக்கமான நுணுக்கங்கள் ஒன்றோடொன்று கலக்கும். அந்தக் கலப்புக்கு முன்கூட்டியே இடம் விட்டவரா என்பது பழைய வேலையில்தான் தெரியும். அவர் ஐந்து வருடத்துக்கு முன் ஒருவர் முதுகில் குத்திய வேலை ஒன்று இருந்தது. செதில்களுக்கு இடையே விட்ட தோல் இன்னும் தோலாகவே இருந்தது.

அப்புறம் கருப்பு. மூன்றில் ஒரு பங்கு கருப்பு, ஒரு பங்கு தோல், ஒரு பங்கு நிறம் என்று டாட்டூ கலைஞர்களிடையே ஒரு பழைய கணக்கு உண்டு. மாநிறத் தோலுக்கும் கருத்த தோலுக்கும் இந்தக் கருப்பு இன்னும் முக்கியம். வெளிர் மஞ்சளும் வெளிர் நீலமும் அந்தத் தோலில் அடங்கிப்போகும், ஆழ்ந்த கருப்போ எந்தத் தோலிலும் நிற்கும். மாநிறத் தோலில் செய்த வேலைகளைத் தனியாகக் கேட்டு வாங்கிப் பார்த்தோம். வெள்ளைத் தோலில் எடுத்த படங்களை மட்டும் பார்த்து முடிவெடுத்தால் பிறகு ஏமாற்றம்தான்.

மூன்றாவது, மூலைகள். உருவத்தை யாரும் கவனமாகத்தான் போடுவார்கள். அக்குள் பக்கம் அலை எப்படித் திரும்புகிறது, முழங்கைக் குழியில் என்ன இருக்கிறது, ஓரம் எப்படி முடிகிறது என்று பார்த்தோம். ஓரத்துக்கு மிகிரி என்று பெயர். நேராக வெட்டியது போல முடிக்கலாம், போதான் என்ற பியோனி மலரின் இதழ் போல வளைவு வளைவாக முடிக்கலாம், விடியல் வெளிச்சம் மாதிரி மெல்ல மங்கவிட்டும் முடிக்கலாம். இவர் வேலையில் ஒவ்வொரு ஓரமும் முடிவெடுத்துப் போட்டதாக இருந்தது. இடம் தீர்ந்துபோனதால் நின்றது என்று எதையும் சொல்ல முடியவில்லை.

விரலில் தட்டுப்பட்ட சிவப்பு

சந்திப்பு அன்று அவர் மேசையில் பென்சில்கூட இல்லை. நண்பரைச் சட்டையைக் கழற்றச் சொன்னார். நிற்கச் சொன்னார், நடக்கச் சொன்னார், கையைத் தொங்கவிடச் சொன்னார். பிறகு வலது கையில் இருந்த பழைய மீனை விரல் நுனியால் மெதுவாகத் தடவினார். வாலிலிருந்து தலைக்கு ஒருமுறை, மறுபடி தலையிலிருந்து வாலுக்கு. சிவப்புச் செதில்களின்மேல் விரல் நின்றது.

"இது வெயில்ல அரிக்குமா?"

நண்பர் ஆமாம் என்றார். வருடக்கணக்கில் அரிப்பதாகவும், டாட்டூ என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்ததாகவும் சொன்னார். நானும் தொட்டுப் பார்த்தேன். கருப்புக் கோடுகள் தோலோடு தோலாக இருந்தன. சிவப்பு மட்டும் தடித்து, துணியில் போட்ட எம்பிராய்டரி மாதிரி விரலில் தட்டுப்பட்டது. இத்தனை வருடப் பழக்கத்தில் அந்தக் கையை நான் நூறு முறை பார்த்திருக்கிறேன், ஒருமுறைகூடத் தொட்டதில்லை.

டாட்டூ மைகளில் அலர்ஜி அதிகம் வருவது சிவப்பில்தான். குத்திய உடனே வர வேண்டும் என்றில்லை, மாதங்கள் கழித்தும் வருடங்கள் கழித்தும் வரும். தோல் மருத்துவரைப் பார்த்துவிட்டு வாருங்கள், அதுவரை எதையும் வரையப் போவதில்லை என்றார் கலைஞர். முன்பணமும் வாங்கவில்லை.

மருத்துவர் அது சிவப்பு நிறமிக்கான எதிர்வினைதான் என்றார். களிம்பு எழுதிக்கொடுத்தார். அதன்மேல் மறுபடி குத்த வேண்டாம், லேசரால் அழிக்கவும் அவசரப்பட வேண்டாம் என்றார். லேசர் நிறமியை உடைத்துச் சிதறவிடும். அலர்ஜி உள்ள மையில் அப்படிச் செய்தால் ஓரிடத்தில் இருந்த எதிர்வினை உடல் முழுக்கப் பரவும் அபாயம் உண்டு. நான் அதுவரை பழைய மீனை லேசரால் மங்கவைத்து மேலே பாறையைப் போட்டு மறைத்துவிடலாம் என்றே நினைத்திருந்தேன். கலைஞரின் விரல் அதைத் தடுத்தது.

திட்டம் அன்றோடு தலைகீழானது. வலது கை அப்படியே இருக்கட்டும். புது வேலை இடது கையில், சிவப்பே இல்லாமல்.

கருப்பு மீன்

நண்பர் உடைந்துபோனார். அவருக்குக் கொய் என்றாலே சிவப்புதான். கலைஞர் ஒரு ஓவியப் புத்தகத்தைத் திறந்து மகோய் என்ற கருப்புக் கொய் மீனைக் காட்டினார். அருவியில் எதிர்நீச்சல் போட்டு மேலேறி, டிராகன் வாயிலைத் தாண்டிய மீன் டிராகனாகிறது என்ற பழைய கதை நண்பருக்கு உயிர். அந்தக் கதைக்கு நிறம் தேவையில்லை, திசைதான் தேவை என்றார் கலைஞர். மீன் முழங்கைக்குக் கீழிருந்து மேலேறி, தலை தோளின்மேல் வர வேண்டும். ஒரு கைக்கு ஒரே நாயகன்.

ஹன்யாவை வேண்டாம் என்றுவிட்டார். பொறாமையில் பேயாக மாறிய பெண்ணின் முகமூடி அது, 'நோ' என்ற ஜப்பானிய மரபு நாடகத்திலிருந்து வந்தது. அருவி ஏறும் மீனுக்குப் பக்கத்தில் அதற்கு என்ன வேலை என்று கேட்டார். நண்பரிடம் பதில் இல்லை. செர்ரிப் பூவும் போயிற்று. செர்ரி வசந்தம், மொமிஜி என்ற மேப்பிள் இலை இலையுதிர்காலம். கொய்க்கு மரபாகச் சேர்ப்பது மொமிஜியை. பருவத்தைக் கலக்காமல் இருப்பது இந்தப் பாணியின் இலக்கணம். இலக்கணத்தை மீறும் நல்ல வேலைகளும் உண்டுதான், ஆனால் தெரிந்து மீறுவது வேறு. இலைகளுக்குச் சிவப்பு கிடையாது என்பதால் காவியும் பழுப்பும் என்று முடிவானது. அந்த நிறங்களிலும் மெல்லிய ஆரஞ்சுச் சாயல் வேண்டாம் என்று நான் சொன்னேன், ஒத்துக்கொண்டார்.

நீளம் பற்றி அவர் கேட்ட கேள்வி எளிமையானது: வேலைக்குப் போகும்போது சட்டைக் கையை மடிப்பீர்களா? மடிப்பேன், ஒரு மடிப்பு. அப்படியானால் முக்கால் கை போதும். முழுக்கை கனவோடு வந்தவர் ஷிச்சிபுவுக்குச் சம்மதித்தார். இது சமரசம் இல்லை என்பது என் எண்ணம். முன்கையின் நடுவில் நின்ற ஓரம், மீனின் கீழே நீர் கொட்டி முடியும் இடமாக அவ்வளவு பொருத்தமாக அமைந்தது.

மார்க்கர் நாள்

ஏழு மாதக் காத்திருப்புக்குப் பிறகு முதல் நாள். அன்று ஊசியே எடுக்கவில்லை. வெளிர் ஆரஞ்சு மார்க்கரால் தோள்மேல் ஒரு முட்டை வடிவம் போட்டார், அதிலிருந்து முதுகெலும்பு போல ஒரே ஒரு வளைகோடு, கையைச் சுற்றி முழங்கைக்குக் கீழே வரை. கையை மடக்கச் சொன்னார். வால் இரண்டு விரல் அளவு பக்கவாட்டில் நழுவியது. ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்துவிட்டு மறுபடி போட்டார். கையைத் தூக்கச் சொன்னார், மீன் வயிறு ஒடுங்கியது. மறுபடி துடைத்தார். ஆறாவது முறைதான் அந்தக் கோடு நின்றது. மடக்கினால் மீன் உடலைத் திருப்பியது, நீட்டினால் மேலேறியது. அதற்குப் பிறகே நீல மார்க்கரில் அலைகள், கடைசியாகக் கருப்பில் செதில் வரிசை. இரண்டரை மணி நேரம். தாளில் வரைந்த ஸ்டென்சிலை ஒட்டிக் கோட்டைத் தோலுக்கு மாற்றுவதில் தப்பில்லை, அருமையாகச் செய்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் தோளும் மார்பும் சேரும் இடத்தில் தாள் மடங்கும், கோடு மடங்காது.

அடுத்த இரண்டு அமர்வில் எல்லாக் கோடுகளும் முடிந்தன. அதை சுஜிபோரி என்பார்கள். பிறகு கருப்பு ஷேடிங், அதாவது பொகாஷி, கடைசியில் நிறம். மொத்தம் 14 அமர்வு, 52 மணி நேரம். வலி பற்றி நிறைய எழுதலாம், ஆனால் அது ஆளுக்கு ஆள் மாறும். அக்குளும் மார்பின் ஓரமும் கடினம் என்பது மட்டும் எல்லோருக்கும் பொது. மரத்துப்போகும் களிம்பைப் பெரிய பரப்பில் பூச அவர் மறுத்தார். அதிலிருக்கும் மருந்து அளவுக்கு மீறி உடலில் சேர்ந்தால் இதயத்தையே பாதிக்கும். ஒருமுறை நண்பர் பத்தே நாளில் அடுத்த நேரம் கேட்டார். ஆறவில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டார்.

ஒவ்வொரு அமர்விலும் எந்த மை, எந்த நிறம், எந்தத் தொகுதி எண் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜனவரி முதல் டாட்டூ மைகளில் ஆயிரக்கணக்கான வேதிப்பொருள்களுக்குக் கட்டுப்பாடு போட்டிருக்கிறது. அந்த விதிக்கு உட்பட்ட மைகளையே பயன்படுத்தினார். காவியையும் பழுப்பையும் முழு இலையில் போடுவதற்கு முன், ஓரத்தில் மிளகு அளவுக்குப் புள்ளி வைத்து மூன்று மாதம் காத்திருந்தார். புள்ளி தடிக்காவிட்டால் நிச்சயம் என்று அர்த்தமில்லை, தாமதமாகவும் வரலாம் என்று சொல்லிவிட்டே வைத்தார். பழைய மீனை எந்த மையால் குத்தினார்கள் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

மார்பின் ஓரத்தை அவர் இறுக்கி முடிக்கவில்லை. விடியல் மாதிரி மங்கவிட்டிருக்கிறார். எப்போதாவது முதுகுக்குப் போக ஆசை வந்தால், தோளின் பின்பக்கம் இருக்கும் அலையிலிருந்து தொடரலாம் என்று அந்த ஒரு அலையை மட்டும் முதுகை நோக்கித் திருப்பி வைத்திருக்கிறார்.

வேலை முடிந்து இப்போது ஒன்பது மாதம். வெயிலில் போய் வந்தால் நண்பர் இரண்டு கையையும் தடவிப் பார்க்கிறார். வலது கையில் சிவப்புச் செதில்கள் இன்னும் தட்டுப்படுகின்றன, களிம்பு போட்டால் அடங்குகின்றன. இடது கையில் விரல் தோளிலிருந்து முன்கைவரை எங்கும் நிற்காமல் இறங்கி வருகிறது.